குடும்ப ரகசிய நாவல்: மறைந்திருப்பவர் யார் என்பதா, அது யாருக்கெல்லாம் தெரியும் என்பதா?

இரவுவாசகி:

குடும்ப ரகசியத்தையும் ஆள்மாறாட்டத்தையும் மையமாகக் கொண்ட ஒரு மர்ம நாவலைப் படித்து முடித்தேன். அதன் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். நான் எழுதப்போவதைப் படித்தவருக்குப் பெயரும் தெரிந்துவிட்டால் நாவலில் மிச்சம் ஒன்றும் இராது. அமைப்பை மட்டும் சொல்கிறேன். ஒரு பெரிய வீட்டின் தலைவர் இறந்துபோகிறார். உயிலைப் பிரித்துப் படிக்கும்போது, சொத்தில் ஒரு பங்கு ‘என் தங்கையாக இந்த வீட்டில் வாழ்ந்துவரும் அம்மையாருக்கு’ என்று எழுதியிருக்கிறது. கதையைச் சொல்பவள் அவருடைய மகள். ‘என் தங்கைக்கு’ என்று எழுதினால் போதுமே, அப்பா ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார் என்று யோசிக்கத் தொடங்கியவள், தன்னைத் தூக்கி வளர்த்த அத்தை அந்தக் குடும்பத்தில் பிறந்தவரே அல்லர் என்ற முடிவுக்கு வந்து சேர்கிறாள். உண்மையான அத்தை இளவயதிலேயே இறந்திருக்கிறார். அவருடைய தோழி ஒருத்தி அந்தப் பெயரில் வீட்டுக்குள் வந்து, நாற்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டார்.

இந்த உண்மை நாவலின் பாதியைச் சற்றுத் தாண்டியதுமே வெளிவந்துவிடுகிறது. வழக்கமான துப்பறியும் கதையாக இருந்தால் அத்தோடு ஆர்வம் வடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகுதான் நான் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் படித்தேன். கேள்வி மாறிவிட்டதே அதற்குக் காரணம். அத்தை யார் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் பெற்ற தாயான பாட்டிக்குத் தன் மகள் இவளில்லை என்று தெரியாமலா இருந்திருக்கும்? அப்பாவுக்கு எப்போது தெரிந்தது? சமையல்கார அம்மாள் அத்தனை ஆண்டுகள் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசாமல் இருந்தது பணிவினாலா, பயத்தினாலா? இவ்வகை நாவல்களில் உண்மையான புதிர் ‘யார்’ என்பதில் இல்லை, ‘யாருக்கெல்லாம் தெரியும், தெரிந்தும் ஏன் பேசவில்லை’ என்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இவ்வகையை விரும்பிப் படிப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

முடிச்சுக்காரன்:

நீங்கள் சொல்வது நல்ல குடும்ப நாவலுக்குப் பொருந்தும். மர்ம நாவலுக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மர்ம நாவல் வாசகனுக்கும் எழுத்தாளனுக்கும் இடையிலான போட்டி. தடயங்கள் என் கண்முன் இருக்க வேண்டும், அவற்றைக் கொண்டு நானே விடையை அடையும் வாய்ப்பு இருக்க வேண்டும். ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தபோது, வாசகரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தாமல் இரட்டையரையோ உருவ ஒற்றுமை உள்ளவரையோ கொண்டுவரக் கூடாது என்பதைப் பத்தாவது விதியாக வைத்தார். ஆள்மாறாட்டக் கதை எல்லாவற்றுக்கும் அந்த விதியை நீட்டிக்கலாம். பாதியிலேயே விடையைச் சொல்லிவிட்டு, ‘இனி மனித மனத்தைப் பார்ப்போம்’ என்று திரும்பும் நாவல்கள் பலவற்றில், புதிரைச் சரியாகப் பின்னத் தெரியாத குறையை உருக்கத்தால் மூடியிருப்பார்கள். நீங்கள் படித்த நாவலில் முன்தடயங்கள் இருந்தனவா?

இரவுவாசகி:

இருந்தன. அவற்றில் இரண்டைச் சொல்கிறேன். அத்தை தன் சிறுவயதுக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் ஒரே சொற்களில், ஒரே வரிசையில் சொல்வார். பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு, அவர் அடுத்து என்ன சொல்வார் என்று முந்திக்கொண்டு சொல்வார்கள். சிரித்துவிட்டுக் கடந்து போகும் காட்சி அது. ஆனால் தான் வாழ்ந்ததைச் சொல்பவர் ஒவ்வொரு முறையும் எதையாவது கூட்டியோ குறைத்தோ சொல்வார். பாடமாகக் கேட்டு வைத்துக்கொண்டவர்தான் சொல் மாறாமல் ஒப்பிப்பார்.

மற்றது இன்னும் நுட்பமானது. நாவல் முழுவதும் பாட்டி தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. ‘அம்மா’, ‘தாயி’, ‘இங்கே வா’ என்று ஏதாவது ஒன்று வரும், பெயர் வராது. உண்மை தெரிந்தபின் முன் பக்கங்களைப் புரட்டிச் சரிபார்த்தேன். ஓரிடத்தில்கூட எழுத்தாளர் தவறவில்லை. இறந்த மகளின் பெயரை இன்னொருத்திக்குக் கொடுக்க அந்தத் தாய்க்கு மனம் வரவில்லை என்பதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் போட்டிக்கும் இதைவிட நேர்மையான தடயம் கிடைக்காது. இது கண்முன் இல்லாததால் கண்முன்னே இருக்கும் தடயம்.

முடிச்சுக்காரன்:

அந்த இரண்டாவது தடயத்துக்காகவே நாவலைத் தேடிப் படிப்பேன். ஆனால் பாருங்கள், அது உங்கள் வாதத்துக்கும் என் வாதத்துக்கும் ஒரே நேரத்தில் துணை நிற்கிறது.

ஓலைச்சுவடி:

இந்த விவாதத்துக்கு வயது அதிகம். அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலில், நாடகத்தில் ஒருவர் இன்னொருவரை இன்னாரென்று அறிந்துகொள்ளும் கட்டங்களை வகைப்படுத்தித் தரம் பிரித்திருக்கிறார். தழும்பு, கழுத்தணி போன்ற அடையாளங்களைக் காட்டி அறிவதை அவர் கலைத்திறம் குறைந்ததாகக் கருதுகிறார். ஆசிரியர் தம் வசதிக்காகப் புகுத்தும் வெளிப்பாடும் அவருக்கு உவப்பில்லை. ஏதோவொன்றைக் கண்டு பழைய நினைவு கிளர்ந்து வெளிப்படுவதும், தர்க்கத்தால் ஊகித்து அறிவதும் அடுத்து வருகின்றன. நிகழ்ச்சிகளின் போக்கிலிருந்து தானாகவே உண்மை வெளிவருவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்கிறார். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு, அறியாமலே தன் தாயை மணந்துவிட்ட ஈடிபஸ் மன்னனைப் பற்றிய நாடகம்.

ஹோமரின் காவியத்தில் மாறுவேடத்தில் வீடு திரும்பும் ஒடிசியஸின் கால் தழும்பைப் பற்றி அவர் சொல்லும் ஒரு குறிப்பு மர்ம நாவல் எழுதுவோருக்கு மிகவும் பயன்படும். அதே தழும்பை, கால் கழுவ வந்த செவிலித்தாய் தற்செயலாகக் கண்டுகொள்வது ஒரு கட்டம். பன்றி மேய்ப்பவர்களிடம் ஒடிசியஸே அதைக் காட்டித் தன்னை நிரூபிப்பது இன்னொரு கட்டம். முன்னதே சிறந்தது என்பது அவர் தீர்ப்பு. அடையாளம் ஒன்றுதான், சான்றாக எடுத்து நீட்டும்போது அது சரக்காகிவிடுகிறது, போகிறபோக்கில் கண்ணில் படும்போது கதையாகிறது. இன்றைய நாவல்களில் பரணிலிருந்து இறக்கப்படும் பெட்டிக்குள், எல்லாவற்றையும் விளக்கும் நாட்குறிப்பு ஒன்று தவறாமல் கிடைக்கிறதே, அது பன்றி மேய்ப்பவர்களிடம் காட்டிய தழும்புதான்.

அடையாளம் சரியாக இருந்தாலும் அது வந்துசேரும் நேரம் தவறும்போது என்ன ஆகும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தைவிடக் கடுமையான சான்று தேவையில்லை. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று பார்த்திருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும் வழக்கு. பார்த்தபோது கோவலன் உயிரோடு இல்லை.

வழக்குக்கட்டு:

நாவல்களை விட்டுவிட்டு, உண்மையில் நடந்த ஆள்மாறாட்ட வழக்குகளைப் பார்த்தால் இரவுவாசகி சொல்வதன் வலு புரியும். இவ்வகை நாவலாசிரியர்கள் பலரும் கடன் வாங்கியிருப்பது இவற்றிலிருந்துதான்.

பிரான்சின் ஆர்ட்டிகா என்ற ஊரிலிருந்து மார்ட்டின் கெர் என்ற விவசாயி 1548-இல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். 1556-இல் ஒருவர் வந்து தாமே மார்ட்டின் என்றார். மனைவி பெர்த்ராண்ட் அவரை ஏற்றுக்கொண்டார், மூன்று ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள், குழந்தையும் பிறந்தது. சிற்றப்பனிடம் சொத்துக் கணக்குக் கேட்டபிறகுதான் சிக்கல் தொடங்கியது. அதுவரை அண்ணன் மகனாக இருந்தவர் சிற்றப்பன் கண்ணுக்குத் திடீரென்று போலியாகத் தெரிந்தார். 1560-இல் துலூஸ் நீதிமன்றம் ஏறக்குறைய அவருக்குச் சாதகமாகச் சாய்ந்திருந்த நிலையில், உண்மையான மார்ட்டின் மரக்காலோடு நீதிமன்றத்துக்குள் வந்து நின்றார். போலி மார்ட்டினாக வாழ்ந்த ஆர்னோ து டில் தூக்கிலிடப்பட்டார். வழக்கை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவரான ழான் து கொராஸ், அடுத்த ஆண்டே இதை ஒரு நூலாக எழுதினார். இதைத் தற்செயல் மிகுந்த கதை என்று எந்தப் பதிப்பாளரும் திருப்பி அனுப்பியிருப்பார்!

இந்த வழக்கில் ‘அவர் யார்’ என்ற கேள்வி 1560-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் நானூறு ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர்கள் சண்டையிட்டது எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? பெர்த்ராண்டுக்குத் தெரியுமா தெரியாதா என்பதைப் பற்றி. அவர் அறிந்தே உடன்பட்டார் என்று நத்தாலி செமோன் டேவிஸ் 1983-இல் எழுதினார். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை, அவர் ஏமாற்றப்பட்டவரே என்று ராபர்ட் ஃபின்லே 1988-இல் மறுத்தார்.

வங்காளத்தின் பவால் ஜமீன் வழக்கும் இப்படித்தான். அந்த ஜமீன் குடும்பத்தின் இரண்டாம் மகனான குமாரர் 1909-இல் டார்ஜிலிங்கில் இறந்து எரியூட்டப்பட்டதாகச் சொல்லப்பட்டது. 1921-இல் டாக்காவில் இருந்த ஒரு சந்நியாசி, தாமே அந்தக் குமாரர் என்றார். சகோதரி ஏற்றார், மனைவி மறுத்தார். 1930-இல் தொடுக்கப்பட்ட வழக்கில் 1936-இல் விசாரணை நீதிமன்றமும், 1940-இல் கல்கத்தா உயர் நீதிமன்றமும், 1946-இல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் சந்நியாசிக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தன. தீர்ப்பு வந்துவிட்டது, சகோதரி கண்ட அதே முகத்தை மனைவி ஏன் காணவில்லை என்ற கேள்வி மட்டும் இன்றும் புத்தகங்களை எழுத வைக்கிறது.

இங்கிலாந்தின் டிச்போர்ன் வழக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பிரெஞ்சு மொழியில் வளர்ந்த மகன் கடலில் காணாமற்போனார், பிரெஞ்சு பேசத் தெரியாத ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார், தாய் அவரை மகன் என்று தழுவிக்கொண்டார்.

கரையோரம்:

மேலே சொன்னவை எல்லாம் மரபணுச் சோதனை இல்லாத காலத்துக் கதைகள். இன்று எச்சில் துளி ஒன்று போதும். இனி ஆள்மாறாட்ட நாவலைச் சமகாலத்தில் நிறுத்தி எழுதவே முடியாது என்று நினைக்கிறேன்.

ஆய்வுக்குழாய்:

அப்படி முடிவுகட்ட வேண்டாம். பிரிட்டிஷ் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸ் 1984-இல், ஒருவரை மரபணுவால் அடையாளம் காணும் மரபணு ரேகை முறையைக் கண்டறிந்ததும், 1985-இல் அது முதன்முதலாக நடைமுறையில் பயன்பட்டது கொலை வழக்கில் அன்று. ஒரு குடும்ப வழக்கில். கானாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய சிறுவன் ஒருவன், தன் தாய் என்று சொல்பவரின் மகன் இல்லை, அவருடைய சகோதரியின் மகனாக இருக்கலாம் என்று குடிவரவு அதிகாரிகள் ஐயுற்றார்கள். அவன் மகன்தான் என்று சோதனை நிறுவியது.

நாவலாசிரியருக்குப் பயன்படும் செய்தி வேறு. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையில் மரபணுப் பகிர்வு பாதிக்குப் பாதி, அதில் குழப்பமில்லை. ஆனால் பாட்டிக்கும் பேத்திக்கும், அத்தைக்கும் உடன்பிறந்தவரின் மகளுக்கும், தந்தையோ தாயோ ஒருவர் மட்டும் பொதுவாக உள்ள உடன்பிறந்தவர்களுக்கும் பகிர்வு ஏறத்தாழ 25 விழுக்காடுதான். எனவே சோதனை முடிவில் 25 என்று வந்தால், ‘இவர் உன் அத்தையா, அல்லது உன் அப்பாவுக்கு வேறு வழியில் பிறந்த அக்காவா’ என்பதை அந்த எண் மட்டுமே சொல்லிவிடாது. வயதையும் மற்ற உறவினர்களின் மாதிரிகளையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரு ரகசியத்தைத் தீர்ப்பதற்காகச் செய்த சோதனை இரண்டாவது ரகசியத்தைக் கிளப்பிவிடும். இதைவிட நல்ல கதைக்கருவை எந்த ஆய்வகம் தரும்?

இரத்தப்பிரிவை வைத்து முடிச்சவிழ்க்கும் பழைய உத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோர் இருவரும் ஓ பிரிவு, பிள்ளை பி பிரிவு, எனவே பிள்ளை அவர்களுடையது அன்று என்று அடித்துச் சொல்லும் நாவல்களைப் படித்திருக்கிறேன். 1952-இல் விவரிக்கப்பட்ட ‘பம்பாய்’ இரத்தப்பிரிவு உடையவர்கள் வழக்கமான சோதனையில் ஓ போலத் தோன்றுவார்கள். ஆனால் பி பிரிவுப் பிள்ளையைப் பெற முடியும். அரிதுதான். ஆனாலும் ஒரு குடும்பத்தையே பிரித்துவைக்கும் சான்றாக அதை முன்வைக்கும் துப்பறிவாளர், அந்த அரிய வாய்ப்பையும் பார்த்துவிட்டுப் பேசுவதுதான் முறை.

இரவுவாசகி:

நான் படித்த நாவலில் அத்தைக்கும் மருமகளுக்கும் சோதனை செய்திருந்தால் இரத்த உறவே இல்லை என்று முதல் நாளே தெரிந்திருக்கும். ஆனால் பாட்டி அறிந்திருந்தாரா என்பதை எந்தச் சோதனைக்குழாயும் சொல்லியிருக்காது. கரையோரத்தின் கவலைக்கு அதுவே என் பதில்.

வழக்குக்கட்டு:

உயிலின் அந்த வரியைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். அப்பா அறிந்திருந்தாரா என்ற கேள்விக்கு நாவலாசிரியர் முதல் அத்தியாயத்திலேயே விடை வைத்துவிட்டார் என்பது என் கருத்து. ‘என் தங்கைக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் தங்கையே அல்லர் என்று நிறுவ முடிந்த எவரும் அந்தப் பங்கை எதிர்த்து வழக்காடத் துணிவார். உறவுமுறை தவறாக விவரிக்கப்பட்டிருந்தாலும் யாரைக் குறித்தது என்பது தெளிவாக இருந்தால் கொடை செல்லும் என்பதே உயில் சட்டத்தின் பொதுவான போக்கு. ஆனாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். ‘தங்கையாக இந்த வீட்டில் வாழ்ந்துவரும்’ என்று எழுதினால் அந்தப் பிடியும் இல்லை. அவர் வாழ்ந்தார் என்பதை யாராலும் மறுக்க முடியாது. உண்மை ஒருநாள் வெளிவரும் என்று எதிர்பார்த்த ஒருவர், அதைச் சொல்லவும் துணியாமல், அந்த அம்மையாரைக் கைவிடவும் மனமில்லாமல் எழுதிய வாக்கியம் அது.

முடிச்சுக்காரன்:

சரி, இந்த விளக்கத்தின்படி பார்த்தால், ‘யாருக்குத் தெரியும்’ என்பதும் தடயங்களை வைத்துத் தீர்க்கக்கூடிய புதிராகவே ஆகிவிடுகிறது. அப்படியானால் எனக்கு மறுப்பில்லை. என் எரிச்சல் எல்லாம் இரண்டு வழக்கங்கள் மீதுதான். ஒன்று, சாகும் தறுவாயில் ஒரு முதியவர் நாற்பது ஆண்டுகள் காத்த ரகசியத்தை இலக்கணப் பிழையில்லாமல் நான்கு பக்கங்களுக்குச் சொல்லி முடிப்பது. மற்றொன்று, ஒரு வெளிப்பாடு போதாதென்று கடைசி அத்தியாயத்தில் இன்னொரு திருப்பத்தை ஒட்டவைப்பது. போலி என்று தெரிந்தவர் உண்மையில் போலி அல்லர், போலியாக நடித்த உண்மையானவர் என்று முடியும் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தைத் தொடவே இல்லை.

ஓலைச்சுவடி:

கர்ணன் கதையை யாரும் இன்னும் எடுக்கவில்லையே. மறைக்கப்பட்ட பிறப்புக்கு அதைவிடப் பெரிய கதை நம்மிடம் இல்லை. ஆனால் அதில் வாசகனுக்கு மர்மமே கிடையாது. அவன் யார் மகன் என்பது நமக்குத் தொடக்கத்திலேயே தெரியும். கதையை இழுத்துச் செல்வது அந்த அறிவு ஒவ்வொருவரிடமும் எந்த வேளையில் வந்து சேர்கிறது என்பதுதான். குந்திக்கு முதலிலிருந்தே தெரியும். கண்ணனுக்குத் தெரியும், போருக்கு முன் அதைக் கர்ணனிடமே சொல்லிவிடுகிறான். பீஷ்மரும் அறிந்தே அவனை இகழ்ந்து பேசிவந்திருக்கிறார். கர்ணனும் தெரிந்துகொண்டபின், தம்பியரிடம் சொல்ல வேண்டாம் என்கிறான். எல்லாருக்கும் கடைசியாகத் தெரியவருவது தருமனுக்கு, அதுவும் நீர்க்கடன் செய்யும் நேரத்தில். பெண்களால் இனி ரகசியம் காக்க முடியாமற்போகட்டும் என்று அவன் சபித்ததைக் கோபம் என்று மட்டும் படிக்க எனக்குத் தோன்றவில்லை. தன்னைச் சுற்றி இருந்த இத்தனை பேருக்குத் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லை என்ற அவமானமும் அதில் இருக்கிறது. அந்த அவமானத்தை எழுதத் தெரிந்தவருக்குத்தான் குடும்ப மர்ம நாவல் கைவரும்.

கரையோரம்:

இதைப் படித்தபின் கேட்கத் துணிகிறேன். நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஒருவர் வேறொருவரின் பெயரில் ஒரு குடும்பத்தில் வாழ்கிறார். அந்த ரகசியம் அவருக்கு மட்டுமே தெரியும் என்று வைத்திருக்கிறேன். இப்போது அது மெலிந்த அமைப்பாகத் தெரிகிறது. எத்தனை பேருக்குத் தெரிந்திருப்பது நல்லது?

இரவுவாசகி:

எண்ணிக்கையைவிடக் காரணம் முக்கியம். லாபத்துக்காக வாய்மூடியவர் ஒருவர் இருந்தால் அவரைக் கண்டுபிடிப்பது எளிது, வாசகர் முதலில் அவரைத்தான் தேடுவார். அன்பினால் வாய்மூடியவர் ஒருவர் இருக்கட்டும். அவர் செய்த தீங்கு முதலாமவர் செய்ததைவிடப் பெரிதாக இருக்கட்டும். இவர்களைத் தவிர, தானாகவே கண்டுபிடித்துவிட்டு, மற்றவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எல்லாரையும் காப்பாற்றுவதாகத் தனியே சுமந்து திரிபவர் ஒருவர் வேண்டும். நான் படித்த நாவலில் அந்த இடத்தில் சமையல்கார அம்மாள் இருந்தார். பாட்டியும் அவரும் ஒரே அடுக்களையில் நாற்பது ஆண்டுகள், ஒருவரிடமிருந்து மற்றவர் அதே ரகசியத்தை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

முடிச்சுக்காரன்:

மூவர் போதும். நால்வருக்குத் தெரிந்தால் அதை ரகசியம் என்று நம்பவைப்பது கடினம். எத்தனை பேராக இருந்தாலும், ஒவ்வொருவருக்கும் தெரியும் என்பதற்கான தடயத்தை அவர்கள் முதன்முதலாகத் தோன்றும் காட்சியிலேயே வைத்துவிடுங்கள். பின்னால் போய்ச் செருகினால் என்னைப் போன்றவர்கள் பக்க எண்ணோடு கடிதம் எழுதுவோம்.